எஸ்டீம் கியர் லீவர்: புஷ்ஷில் 16 எம்எம், லேத்தில் 19 எம்எம்

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் கார் 2004 மாடல். அப்பா வாங்கியது. பதினைந்து வருடம் அவர் மட்டும் ஓட்டினார், இப்போது நானும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். நான் பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவன். சுந்தரப்பெருமாள்கோவில், தாராசுரம் வழியாகப் போகும் தஞ்சாவூர் ரோடு. சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் எத்தனை தடவை கியர் மாற்ற வேண்டியிருக்கும் என்று அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அதைத் தாண்டினால் ஸ்பீட் பிரேக்கர், அதையும் தாண்டினால் ஆள் ஏற்றிக்கொண்டு பாதி ரோட்டை அடைத்து நிற்கும் டவுன் பஸ். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, எப்போதாவது நான்கு. நாள் முழுக்க இடது கைக்குத்தான் வேலை.

அந்தக் கைக்குக் கிடைத்ததோ கஞ்சிக்குள் கரண்டி விட்டுக் கிண்டுகிற மாதிரி ஒரு கியர் லீவர். மூன்றாவது விழுந்த பிறகும் லீவர் தலையில் இருக்கும் உருண்டையை, அதாவது நாப்பை, பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் தாராளமாக ஆடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கை டேஷ்போர்டு ரேடியோவைத் தொட்டுவிட்டு வரும். திருச்சியில் ஒரு நண்பன் தன் வண்டியில், கை போகும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் லீவர் போட்டிருந்தான், ஓட்டிப் பார்த்தேன். மணிக்கட்டை மடக்கினால் கியர் விழுகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நம் வண்டிக்கும் இது வேண்டும் என்று. எஸ்டீமை 2007-இல் நிறுத்திவிட்டார்கள், அதற்கென்று ரெடிமேடாக ஷார்ட் ஷிஃப்டர் கிட் எனக்குக் கிடைக்கவில்லை. சரி, கும்பகோணத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம், செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். முடிய மூன்று மாதம் ஆனது. இதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் லீவரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, நீங்க லீவர குட்டையாக்கணும்னு வந்திருக்கீங்க. வண்டி கேக்குறது புஷ்ஷு. மொதல்ல அத பாத்துருவோம், அப்புறம் நீங்க எதை வேணாலும் வெட்டுங்க."

புஷ் என்றால் மூட்டுத் துளைக்குள் உட்காரும் சின்ன வளையம், அது தேய்ந்தால் ஆட்டம் வரும். அவர் பேச்சைக் கேட்டதுதான் இந்த வேலையிலேயே நான் எடுத்த நல்ல முடிவு. வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை கன்சோல் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி, மூன்றாவது கியரிலிருந்து நான்காவது கியருக்கு நாப் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தேன். 130 எம்எம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். நீங்களும் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். கைக்குத் தோன்றுவது வேறு, ஸ்கேல் காட்டுவது வேறு.

எஸ்டீம் முன்சக்கர இழுவை வண்டி, இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, அடியில் இரண்டு ராடு ஓடும், இந்த இணைப்பைத்தான் லிங்கேஜ் என்பார்கள். ஒன்று கியர் ராடு. லீவரின் அடிமுனை அதைத் தள்ளும், இழுக்கும், திருப்பும். இன்னொன்று எக்ஸ்டென்ஷன் ராடு. அது கியர்பாக்ஸிலேயே போல்ட் ஆகி, லீவர் உட்காரும் கூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மவுண்ட்டில் கொஞ்சம் புரளும் இல்லையா, அப்போது லீவர் கூடும் சேர்ந்து நகர்ந்தால்தான் போட்ட கியர் கழன்று வராமல் இருக்கும், அதற்காகத்தான் அந்த இரண்டாவது ராடு. இதைப் புரிந்துகொண்டால் ஒரு சோதனை தானாகவே வரும்: பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஒருவர் ஆக்சிலேட்டரைத் தட்டட்டும், இன்னொருவர் லீவரைப் பார்க்கட்டும். லீவர் துள்ளினால் மவுண்ட் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எங்கள் வண்டியில் மவுண்ட் நன்றாகத்தான் இருந்தது.

வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி பாய் கீழே இறங்கினார். இரண்டு நிமிடத்தில் "இங்க வாங்க" என்று கூப்பிட்டார். லீவரின் அடியில் பூட் என்று ஒரு ரப்பர் உறை இருக்கும், அது ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து தொங்கியது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸும் வண்டலும் குழைந்து, காய்ந்து, கறுப்பாகக் கெட்டியாகி இருந்தது. அவர் விரலால் ஒரு துளி எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். உப்புத்தாள் மாதிரி நறநறவென்றது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே ரோட்டில் ஓடும் தண்ணீர் வெறும் மழைத்தண்ணீர் இல்லை, வயலிலிருந்து வழிந்து வரும் சேற்றுத்தண்ணீர். அது கிழிந்த பூட் வழியாக உள்ளே போய், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் புஷ்ஷை அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை மழைக்காலம் அப்படி ஓடியதோ. லீவரின் அடிமுனை போல்ட் ஓடும் துளை வட்டமாகவே இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

டெல்டாவில் ராடு லிங்கேஜ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு வேலை செய்வதென்றால், மழைக்கு முன்னால் இந்த ரப்பர் பூட்டைப் பாருங்கள். மலிவான ரப்பர்தான், அது கிழிந்தால் மேலே இருக்கும் எல்லாம் தேய்கிறது.

புஷ் மாற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. முதல் நாள் மாலையே டபிள்யூடி-40 அடித்து விட்டு, மறுநாள் காலையில் இன்னொரு தடவை அடித்த பிறகும் ஒன்று சுற்றவில்லை, அதை ஆக்ஸா பிளேடால் அறுத்துத்தான் எடுத்தார். புது போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்று பலத்தின் அளவு அடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதிர்வில் தளராத நைலாக் நட் போடுங்கள். லீவர் அடிமுனைக்கு நைலான் புஷ்ஷை லேத்தில் கடைந்து போட்டோம். எக்ஸ்டென்ஷன் ராடு கியர்பாக்ஸில் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கம்பெனி சாமானே வாங்கிப் போட்டோம். அங்கேயும் நைலானோ கன்மெட்டலோ போட்டால் ஆட்டம் இன்னும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான், ஆனால் இன்ஜின் அதிர்வு முழுவதும் கையில் வந்து உட்காரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

கியர் ஆயிலும் மாற்றினோம். மேனுவலில் போட்டிருக்கிற கிரேடு, ஜிஎல்-4. கடைக்காரர் ஜிஎல்-5 எடுத்துக் கொடுத்து "இது இன்னும் ஒசத்தி" என்றார். வாங்கவில்லை. ஜிஎல்-5 பற்சக்கர அழுத்தம் அதிகமான டிஃபரன்ஷியல் மாதிரி இடங்களுக்கானது. அதில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள், கியர் விழும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாமல் போகலாம், வழவழப்பும் அதிகம் என்பதால் ரிங் சரியாகப் பிடிக்காமலும் போகலாம். கியர் சுகமாக விழ வேண்டும் என்று செலவு செய்துகொண்டிருக்கும்போது அந்த ரிங்கையே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது மறுபடியும் ஸ்கேல். 114 எம்எம். லீவரில் கை வைக்காமலே 16 எம்எம் குறைந்துவிட்டது. எண்ணை விடுங்கள், கியர் விழும் சத்தமே மாறிவிட்டது. முன்பு எங்கேயோ தூரத்தில் விழும், இப்போது 'டக்' என்று கைக்குள் விழுந்தது. அந்த வாரம் முழுக்க, இதோடு நிறுத்திவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். உங்கள் வண்டியில் இந்த இடத்தோடு மனம் நிறைந்துவிட்டால் தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு ஆசை விடவில்லை.

லீவர் கணக்கு ரொம்ப எளிது. கிணற்றுத் துலா மாதிரிதான். லீவர் தன் கூட்டில் உட்கார்ந்து சாயும் உருண்டை மூட்டு, அதாவது பந்து, அதற்கு மேலே நாப் வரை ஒரு நீளம், கீழே அடிமுனை வரை ஒரு நீளம். எங்கள் லீவரில் மேலே 260, கீழே 65. அதாவது நான்குக்கு ஒன்று. அடிமுனை ஒரு எம்எம் நகர நாப் நான்கு எம்எம் நகர வேண்டும். கீழ்ப்பகுதியை நீட்டினால் இந்த விகிதம் குறையும், கை போகும் தூரம் குறையும். ஆனால் தூரம் குறைகிற அதே கணக்கில் பலம் கூடும், அதிலிருந்து தப்ப வழியில்லை. மேல்பகுதியைச் சும்மா அறுத்துக் குட்டையாக்கினாலும் இதே கதைதான். அது செலவில்லாத வழி, ஆனால் நாப் கீழே போய்விடும், கை குனிந்து தேட வேண்டியிருக்கும்.

கும்பகோணத்தில் நான் போன லேத் பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போர்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவதுதான் அவருக்கு அன்றாட வேலை, கார் வேலை அபூர்வம். பழைய இரும்புக் கடையில் இன்னொரு எஸ்டீம் லீவர் வாங்கிக்கொண்டு போனேன், ஒரிஜினலைத் தொடவே கூடாது என்று முதலிலேயே முடிவு. "பந்துக்குக் கீழ அறுத்து, நடுவுல 26 எம்எம் துண்டு வெச்சு வெல்டிங் அடிச்சுடலாமா அண்ணே" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "முட்டுக்கு முட்டு வெச்சு வெல்டிங் அடிச்சா அது ஒரு நாளைக்கு விட்டுடும் தம்பி. நடு ரோட்டுல கையில லீவரோட நிப்ப." அதற்குப் பதிலாக இஎன்8 என்கிற எஃகுக் கம்பியில் ஒரு குழாய் மாதிரி ஸ்லீவ் கடைந்தார், அறுத்த இரண்டு முனையும் அதற்குள் இறுக்கமாக இறங்குகிற மாதிரி. உள்ளே இறக்கி, குறுக்கே துளை போட்டு பின் அடித்து, அதற்குப் பிறகுதான் சுற்றி வெல்டிங். தண்ணீரில் முக்கி ஆற வைக்கக் கூடாது, தானாக ஆறட்டும் என்று மணலில் புதைத்து வைத்தார்.

அப்படிச் செய்த முதல் லீவரில் கீழ்ப்பகுதி 91 எம்எம். விகிதம் 2.86. மாட்டி அளந்தால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் 81 எம்எம்தான். சந்தோஷம் தாங்கவில்லை.

மாட்டும் வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை: குழி இல்லை என்றால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், செங்கல்லும் வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சைலன்சர் பைப் பக்கத்திலேயே ஓடுகிறது, நன்றாக ஆறிய பிறகு கை வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு வாஷரையும் வரிசை மாறாமல் போன் கேமராவில் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது சண்டை இல்லை.

பிரச்சினை மாட்டிய பிறகுதான் வந்தது. கீழ்ப்பகுதி 26 எம்எம் நீண்டதால் கியர் ராடின் பின்முனையும் அவ்வளவு கீழே இறங்கிவிட்டது. இது நான் யோசிக்காத விஷயம். நிறுத்திய வண்டியில் எல்லா கியரும் விழுந்தது. ஓட்டும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் அடியிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், ரிவர்ஸ் போடும்போது ஒரு தடுக்கல். எங்கே தட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. லேத் அண்ணன்தான் வழி சொன்னார். இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, வெற்றிலைக்குத் தடவுகிற மாதிரி விரலால் எடுத்து ராடின் முனையைச் சுற்றித் தடவிவிட்டார். "இப்ப ஒரு சுத்து போயிட்டு வா." தாராசுரம் வரை போய்த் திரும்பினேன். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் சைலன்சர் பைப்புக்கு மேலே இருக்கும் தகட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் கீற்று. அங்கேதான் தட்டியிருக்கிறது. வண்டி நிற்கும்போது இடைவெளி இருக்கிறது, இன்ஜின் புரளும்போது இல்லை. இந்தச் சுண்ணாம்புச் சோதனையை யார் செய்தாலும் செய்யலாம், லிங்கேஜில் எதை மாற்றினாலும் செய்யுங்கள்.

தகட்டை லேசாகத் தட்டி வளைத்து அதைச் சமாளித்தேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அப்பாவுக்கு இடது தோள்பட்டையில் வலி உண்டு. கையை மேலே தூக்க மாட்டார், ஆனால் வண்டி ஓட்டும்போது அந்த வலி தெரியாது. புது லீவர் போட்ட ஞாயிற்றுக்கிழமை அவரும் அம்மாவும் திருக்கருகாவூர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, வலது கையால் இடது தோளை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குப்பா, பக்கத்துலயே விழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கு" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

நான்கிலிருந்து 2.86 என்றால் கை கொடுக்க வேண்டிய பலம் 1.4 மடங்கு. எனக்கு அது இறுக்கமாக, நன்றாகத் தெரிந்தது. அவருக்கு அது ஒவ்வொரு கியருக்கும் ஒரு வலி. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவருடைய வண்டி, அவர் கைக்குப் பழகிய வண்டி, அதில் அவரால் ஓட்ட முடியாதபடி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். குட்டை லீவர் வந்த பிறகு என் கை அவசரப்பட ஆரம்பித்தது. கியர் எவ்வளவு சீக்கிரம் விழும் என்பதை முடிவு செய்வது லீவர் இல்லை, சின்க்ரோ ரிங். அது கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகுதான் உள்ளே விடும். மார்கழிக் காலையில் பனி மூடியிருக்கும்போது வண்டியை எடுத்தால், ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் ஒரு நொடி தயங்கும். நீள லீவரில் கை போய்ச் சேருவதற்குள் அந்த நொடி கழிந்துவிடும். குட்டை லீவரில் கை முன்னாலேயே போய் இடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் முரட்டுத்தனமாகத் தள்ளினால் 'கர்ர்' என்று சத்தம் வரும், தேய்வது ரிங். இரண்டு மூன்று தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். வயதான கியர்பாக்ஸ் என்றால் லீவரை ரொம்பக் குறைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மறுபடி லேத் பட்டறை. இந்தத் தடவை 13 எம்எம் மட்டும் நீட்டினோம், கீழ்ப்பகுதி 78. விகிதம் 3.33, பலம் 1.2 மடங்கு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் 95 எம்எம். ராடு முனை தகட்டிலிருந்து தள்ளி நின்றது, சுண்ணாம்பு எங்கேயும் ஒட்டவில்லை. மொத்தம் 130-லிருந்து 95. முப்பத்தைந்தில் பதினாறு புஷ்ஷால் வந்தது, பத்தொன்பதுதான் லீவரால் வந்தது.

கூடுகிற பலத்தைக் கைக்குத் தெரியாமல் செய்ய ஒரு வழி கனமான நாப். கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் நாச்சியார்கோவில், குத்துவிளக்கு வார்க்கிற ஊர். அங்கே தெரிந்த ஒரு பட்டறையில் பித்தளையில் 45 எம்எம் உருண்டை ஒன்று கடைந்து வாங்கினேன். பழைய நாப்பைக் கையோடு எடுத்துப் போய் அதன் மரையைப் பார்த்தே உள்மரை போடச் சொன்னேன், வண்டிக்கு வண்டி மரை மாறும் என்பதால் இதுதான் பத்திரமான வழி. கனம் 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவை கை அதை நகர்த்திவிட்டால் மிச்சத்தை அதன் கனமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அந்தத் தயக்கம் கையில் மெத்தென்று படுகிறது. இதைவிடக் கனமாகப் போக வேண்டாம். பள்ளத்தில் விழும்போது லீவரையே அது ஆட்டும், பழைய கியர்பாக்ஸில் போட்ட கியர் கழன்று வரக்கூடும். அப்புறம், சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் பித்தளை நாப்பைத் தொட முடியாது. அம்மா பழைய காட்டன் புடவைத் துணியில் சுருக்குப்பை மாதிரி ஒரு உறை தைத்துக் கொடுத்தார், நிறுத்தும்போது அதை மாட்டிவிடுகிறோம்.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் முன்சக்கர இழுவை கார்களில் பெரும்பாலும் ராடு இல்லை, இரண்டு கேபிள்: ஒன்று கியரைப் போட, இன்னொன்று பக்கவாட்டில் வரிசை மாற்ற. அங்கே லீவரை அறுத்து ஒட்டும் வேலை தேவைப்படாது. கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் மாட்டும் கையைக் குட்டையாக்கினாலோ, லீவர் பக்கம் கேபிள் மாட்டும் இடத்தைப் பந்திலிருந்து தள்ளி வைத்தாலோ அதே பலன் வரும், அதே பலக் கணக்கும் பொருந்தும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது கேபிள் முனையில் இருக்கும் புஷ்.

பூட்டி முடித்த பிறகு இன்ஜினை நிறுத்தி வைத்துக்கொண்டு ஐந்து கியரும் ரிவர்ஸும் முழுதாக விழுகிறதா, விழுந்த பிறகு லீவர் கன்சோலில் எங்கேயாவது முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் கியர் முழுதாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம், ஓடும்போது கழன்று வரும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். எங்களுக்கு எக்ஸ்டென்ஷன் ராடு நட் கால் சுற்று வாங்கியது. புது பூட்டின் விளிம்பில் இரண்டு பக்கமும் டை போட்டு இறுக்கினோம், உள்ளே லித்தியம் கிரீஸ். இந்த ஐப்பசி மழை முடிந்ததும் கழற்றிப் பார்த்தேன், கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருந்தது.

ஒரிஜினல் லீவரைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், வலித்தால் அரை நாளில் மாற்றிவிடலாம் என்று. இதுவரை கேட்கவில்லை. போன வாரம் அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சுந்தரப்பெருமாள்கோவில் திருப்பத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இரண்டு விரலால் தட்டிவிட்டு, கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.